ஐந்தாம் நாற்காலிக்குப் போன சூப்

தி.நகரில் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் என் மனைவி அந்தப் பக்கம் புடவை எடுக்கப் போனாள். "நீங்க உள்ள வந்தா கடைக்காரப் பொண்ணுக்கு யோசனை சொல்லிக்கிட்டே இருப்பீங்க, எங்கயாவது போய் உக்காருங்க" என்று என்னை வாசலிலேயே கழற்றி விட்டாள். நான் பழைய இடத்துக்குப் போனேன்.

அங்கே இப்போது டேபிளுக்கு ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். சாப்பிட வந்தவரே படத்தைத் தொட்டுத் தொட்டு ஆர்டர் கொடுத்துக்கொள்கிறார். கொண்டுவருகிறவர் நடு டேபிளில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, "சிக்கன் யாருக்கு, வெஜ் யாருக்கு?" என்று கேட்கிறார். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. நான் பார்த்த கேப்டன் வேலையை இப்போது பார்க்கும் ரேவதி, "சார், உங்க காலத்துல நாற்காலிக்கெல்லாம் நம்பர் இருந்துச்சாமே, எதுக்கு சார் அது?" என்றாள். நின்றபடியே அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். அவளுக்கு வேலை இருந்தது. எனக்கு இல்லை. அதனால் மீதியை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வருஷம் தட்டு எடுத்தேன். பிறகு பரிமாறினேன், பிறகு கேப்டன் ஆனேன். பயிற்சி என்று அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆர்டர் எடுப்பவருக்கு கேப்டன் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. கப்பலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. கறுப்பு கோட்டு மட்டும் உண்டு.

முதலாளி பெயர் லியோங். அவருடைய தாத்தா சீனாவிலிருந்து வந்தவர். அப்பா சென்னையில் பல் கட்டினார். இவர் பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டையில். வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததும், காது மந்தமானவரிடம் பேசுவதுபோல ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார்கள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா வேணும், சொல்லு நைனா" என்பார். சைனாவில் எந்த ஊர் என்று கேட்டால், "சிந்தாதிரிப்பேட்டை" என்பார். கேட்டவர், கேள்விப்பட்டிருக்கிறேன் என்பதுபோலத் தலையாட்டுவார்.

எங்கள் சமையல் மாஸ்டர் ஆறுமுகம் செய்யாறுக்காரர். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் போவார். சாப்பாடு பிரமாதம், செஃப்புக்குக் கைகொடுக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் லியோங் சாரே போய்க் கைகொடுத்துவிட்டு வருவார். யாருக்கும் நஷ்டமில்லை.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். தப்பு செய்தவன் பக்கத்தில் வந்து, அவனைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவார். அதற்கு அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

அவருடைய முதல் சட்டம், டேபிளில் போய் "சிக்கன் யாருக்கு?" என்று கேட்கக்கூடாது. "அப்டி கேட்டா நீ கேப்டன் இல்ல, ஏலம் வுடறவன்" என்பார். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். "இங்க வர்றவன்ல பாதி பேர் வூட்டுக்குத் தெரியாம சாப்புடறவன். நீ கூவி ஒரு குடும்பத்தை ஒடைக்காதே."

அதற்காகத்தான் நாற்காலி நம்பர். எந்த டேபிளாக இருந்தாலும் ஏசிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி ஒன்று. அங்கிருந்து கடிகாரம் சுற்றுகிற பக்கமாக இரண்டு, மூன்று, நாலு. ஆர்டர் சீட்டில் பெயரும் எழுதுவதில்லை, சட்டை நிறமும் எழுதுவதில்லை. ஒன்றுக்கு வெஜ் ஸ்வீட் கார்ன் சூப், நாலுக்குச் சிக்கன் ஸ்வீட் கார்ன் சூப், அவ்வளவுதான். யார் கொண்டுபோனாலும் வாயைத் திறக்காமல் நம்பர் பார்த்து வைத்துவிட்டு வரலாம். வாடிக்கையாளர்கள் எங்கள் ஞாபக சக்தியைப் பாராட்டுவார்கள். நாங்கள் அடக்கமாகச் சிரிப்போம்.

சைவத்துக்குத் தனி கடாய், தனிக் கரண்டி, தனியாகக் காய்கறி வேகவைத்த தண்ணீர். வெஜ் ஸ்வீட் கார்னும் சிக்கன் ஸ்வீட் கார்னும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கோழியைப் பஞ்சு மாதிரி பிய்த்துப் போடுவதால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சைவக் கிண்ணத்துக்கு அடியில், தட்டின்மேல், ஓரத்தில் பூ வெட்டிய வெள்ளைக் காகிதம் ஒன்று வைப்போம். சிக்கன் கிண்ணத்துக்குக் காகிதம் கிடையாது. சாப்பிடுகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசிச் சட்டம்தான் கஷ்டமானது. சைவக்காரருக்கு மாறிப்போனால் அதை அவரிடம் சொல்லியே ஆகவேண்டும். முதலாளி சொல்லமாட்டார். ஆர்டர் எடுத்தவன்தான் சொல்ல வேண்டும். "தெரியாம துன்னது அவன் பாவம் இல்ல. தெரிஞ்சும் நீ சொல்லாம வுட்டா அது உன் பாவம். பாவம் பண்ணணும்னா வெளிய போய்ப் பண்ணு, என் ஓட்டல்ல வேணாம்." எனக்கு அதுவரை இருபது வருஷத்தில் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

இனி மைதிலி. மயிலாப்பூர்ப் பெண், அடையாறில் ஒரு ஆபீசில் வேலை. அவளும் ஜெரோம் என்ற பையனும் இரண்டு வருஷமாக சனிக்கிழமை மத்தியானம் ஏழாம் டேபிளுக்கு வருவார்கள். ஜெரோம் சாந்தோம் பக்கம். அப்பா இல்லை, அம்மா பிலோமினா டீச்சர் வளர்த்த பிள்ளை. மைதிலி டிராகன் சிக்கன் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஏலக்காய் எடுத்து மெல்லுவாள். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, நாளைக்கு ரெண்டு வீட்டுப் பெரியவாளும் இங்க வரா. முதல் தடவை பார்த்துக்கறா. அவா ஆத்துக்கு வரமாட்டேன்னு எங்கம்மா சொல்லிட்டா. எங்காத்துக்கு அவாளைக் கூப்பிடவும் மாட்டேங்கறா. சைனீஸ்னா ரெண்டு பேருக்கும் பொதுன்னு நான்தான் சொன்னேன்."

"நல்லதும்மா."

"நல்லதில்லண்ணா. அம்மா ஏற்கெனவே வேண்டாம்னுதான் இருக்கா. அப்பா வாயே திறக்கல. ஏதாவது ஒண்ணு தப்பா நடந்தா எழுந்துண்டு வந்துடலாம்னு அம்மா அப்பாகிட்ட சொல்லிண்டிருந்தா, நானே கேட்டேன். அப்படி எழுந்து வந்துட்டா அப்புறம் அவ்வளவுதான். இன்னொரு தடவை உட்கார வைக்க என்னால முடியாது."

ஒன்றும் நடக்காது, நான் இருக்கிறேன் என்றேன். மனிதன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் வந்தார்கள். ஒன்றாம் நாற்காலியில் மைதிலியின் அப்பா கல்யாணராமன் உட்கார்ந்தார். பெரிய கம்பெனியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர், மெனுவையும் அப்படித்தான் படித்தார். இரண்டில் மைதிலியின் அம்மா. மூன்றில் மைதிலி, நாலில் ஜெரோம், ஐந்தில் பிலோமினா டீச்சர். வட்ட மேஜை என்பதால் டீச்சருக்கும் கல்யாணராமனுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். இரண்டு பேரும் மற்றவர் முழங்கை படாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மைதிலியின் அம்மா என்னைக் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. சைவத்துக்குத் தனிப் பாத்திரமா, தனி அடுப்பா, எண்ணெய் எது, பூண்டு இல்லாமல் ஏதாவது உண்டா. பூண்டு இல்லாமல் சைனீஸ் சாப்பாட்டில் மிஞ்சுவது தண்ணீரும் பல்குத்தும் குச்சியும்தான். அதை வேறு விதமாகச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு வெஜ் ஸ்வீட் கார்ன். மைதிலி என்னைப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்தாள். நாலு, ஐந்துக்குச் சிக்கன் ஸ்வீட் கார்ன். டீச்சர் முதலில் வெஜ்தான் கேட்டார். மைதிலியின் அம்மாதான், "பரவால்ல, நீங்க உங்க வழக்கப்படி சாப்பிடுங்கோ. எங்களுக்காக மாத்திக்க வேண்டாம்" என்றார். குரலில் ஒரு வெட்டு இருந்தது. டீச்சர் சிக்கன் என்றார்.

சீட்டை உள்ளே கொடுத்துவிட்டு நான் திரும்பியபோது இருபது பேர் ஒரு குழந்தையோடும் கேக்கோடும் உள்ளே நுழைந்தார்கள். முதல் பிறந்தநாள். லியோங் சார் தாடையால் எனக்கு ஜாடை காட்டினார். மேஜைகளை இழுத்துச் சேர்க்கப் போனேன். ஏழாம் டேபிள் சூப்பை கஜேந்திரன் எடுத்துப்போனார். பதினைந்து வருஷ அனுபவசாலி, நம்பர் தவறவே மாட்டார்.

அன்றும் தவறவில்லை. ஒன்றாம் நாற்காலிக்கு வெஜ் வைத்தார், ஐந்தாம் நாற்காலிக்குச் சிக்கன் வைத்தார்.

நான் கேக்குக்குக் கத்தி தேடிக்கொண்டிருந்தபோது நடந்தது பிறகுதான் தெரிந்தது. கல்யாணராமனுக்கு சைனஸ். தலைக்கு மேலேயே ஏசி. அவர் இரண்டு தடவை தும்மியதும், "நீங்க இங்க உக்காருங்க சார், எனக்கு ஏசி ஒண்ணும் பண்ணாது. வகுப்புல ஃபேன் கீழயே நின்ன உடம்பு இது" என்று டீச்சர் எழுந்துவிட்டார். சூப் வருவதற்கு முன்பே இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அந்த டேபிளில் அதுவரை நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் கிண்ணத்துக்கு அடியில் வெள்ளைக் காகிதம். கல்யாணராமன் கிண்ணத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. அவர் கையில் ஸ்பூன். வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஓடக்கூடாது என்பது பழக்கம், வேகமாக நடந்தேன். பக்கத்தில் போய்க் குனிந்து, "சார், சூப் ஆறிடுச்சு போல. வேற சூடா கொண்டுவரேன்" என்று கிண்ணத்தில் கை வைத்தேன்.

அவர் கிண்ணத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் வேண்டாம், நன்னா சூடாத்தான் இருக்கு." பிறகு பெண்ணைப் பார்த்து, வந்ததிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார். "மைதிலி, இந்த சூப் ரொம்ப நன்னாருக்கே. நம்மாத்துல ஏன் இப்படி வரமாட்டேங்கறது?"

மைதிலி பூரித்துப்போனாள். ஜெரோம் சிரித்தான். மைதிலியின் அம்மாகூட தன் கிண்ணத்திலிருந்து இன்னொரு வாய் எடுத்துப் பார்த்து, ஒன்றும் பிரமாதமில்லை என்பதுபோல உதட்டைச் சுழித்தார். டீச்சர் மட்டும் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் லியோங் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"சொல்லு."

"சொன்னா கல்யாணம் நின்னுடும் சார். ரெண்டு வருஷமா வர்ற புள்ளைங்க."

"கல்யாணம் நம்ம மெனுவுல கீதா?"

"இல்ல சார்."

"சூப் கீது. சூப்பைப் பத்தி சொல்லு."

முப்பத்தோரு வருஷத்தில் அந்த மனிதரை நான் வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் சந்தோஷமாக இருப்பாள். கல்யாணராமன் நல்ல சூப் சாப்பிட்ட ஞாபகத்தோடு நூறு வயது வாழ்வார். ஆனால் அவர் எங்களை நம்பித்தான் வாயைத் திறந்தார். அந்த நம்பிக்கை என் சீட்டில் எழுதியிருந்தது.

அவர் மூக்கைச் சிந்தக் கை கழுவும் இடத்துக்கு எழுந்து போனார். பின்னாலேயே போனேன்.

"சார், ஒண்ணு சொல்லணும். நீங்க சாப்பிட்டது வெஜ் சூப் இல்ல, சிக்கன் சூப். முட்டையும் உண்டு. நீங்க இடம் மாறினதை நான் கவனிக்கல. தப்பு என்னோடது."

முட்டையை எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். பதினோரு தடவை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு குழாயை மூடிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"அறுபத்தி மூணு வயசுப்பா எனக்கு."

"தெரியும் சார். மன்னிச்சுடுங்க."

"சொல்லாம இருந்திருக்கலாமே நீ."

"எங்க முதலாளி ரூல் சார்."

"நல்ல ரூல்தான். எனக்கு என்ன உபயோகம்?" கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் எதையோ கூட்டிப் பார்ப்பவர்போல நின்றார். "அப்போ, என்னோடது அவாகிட்ட போயிருக்கு."

"ஆமா சார்."

"தன் கிண்ணத்துல கோழி இல்லேன்னு முதல் வாயிலயே அவாளுக்குத் தெரிஞ்சிருக்குமே. அது எங்க போயிருக்கும்னும் தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. "தெரியல சார். நான் சொல்லப் பயந்த காரணமாத்தான் இருக்கும்" என்றேன்.

"நீ எதுக்குப் பயந்தே?"

"உங்க பொண்ணுக்காக சார். இன்னிக்கு ஏதாவது ஒண்ணு தப்பா நடந்தா போச்சுன்னு எங்கிட்ட சொல்லிச்சு."

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் எல்லோரும் தன் பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருக்கும்போது தான் மட்டும் சூப்பை ரசித்துக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். டேபிளுக்கு நடந்தார். நான் பின்னால் போய், திட்டு வாங்கத் தோதாக ஒரு தூரத்தில் நின்றேன்.

அவர் உட்காரவில்லை. டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். "டீச்சர், இப்போ ஏசி பரவால்ல. நாம பழையபடி உட்கார்ந்துக்கலாமா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து தன் பழைய நாற்காலிக்குப் போனார். அங்கே அவருக்கென்று செய்த சிக்கன் சூப் பாதி இருந்தது. கல்யாணராமன் ஒன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முன்னால் வெள்ளைக் காகிதத்தின் மேல் வெஜ் சூப், அதுவும் பாதி. கிண்ணங்களை மாற்றிவைக்கக் கஜேந்திரன் பணிவாகக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றார் கல்யாணராமன்.

டீச்சர் அடித்தொண்டையில், "சார், நான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சாப்பிடுங்கோ, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் வாயில் வைத்திருந்த அதே ஸ்பூனை எடுத்துச் சூப்பில் விட்டார்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் வீட்டில், கோழி தின்றது அறியாமல் நடந்த பிழை. குளித்துவிட்டு, மந்திரம் சொல்லிவிட்டு மறந்துவிடலாம். இன்னொருவர் எச்சிலைத் தெரிந்தே எடுத்து வாயில் வைப்பது அப்படியல்ல. தண்ணீரையே அண்ணாந்து குடிக்கிற குடும்பம் அது.

மைதிலியின் அம்மா கணவரின் கையைப் பிடித்தார். "ஏன்னா, என்ன பண்றேள்? அது அவா சாப்பிட்டது. எச்சில்."

மைதிலி கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்யாணராமன் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார், விழுங்கினார். "தெரியறது. சம்பந்தி எச்சில்தானே, பரவால்ல."

சம்பந்தி என்ற வார்த்தையை அவர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பேச வேண்டியது ஒன்றும் இல்லை என்பது அந்த டேபிளில் எல்லோருக்கும் புரிந்தது. டீச்சர் கைக்குட்டையைத் தேடினார். மைதிலி அழுதாள், ஜெரோம் எதற்கோ எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

மைதிலியின் அம்மா மட்டும் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆறது. ஒரு நாள்கூட என் டம்ளர்லேர்ந்து ஒரு வாய் குடிச்சதில்ல நீங்க."

கல்யாணராமன் ஸ்பூனைக் கீழே வைத்தார். மனைவியின் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்தார். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை எடுத்து, உதட்டில் வைத்தே குடித்துவிட்டு, திரும்ப அவர் பக்கமாக நகர்த்தினார்.

நான் நூடுல்ஸ் எடுத்துவர உள்ளே போனேன்.